புனே பயணம்: ஒரு தாயாரின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்து, “புனேயில் பார்க்க எவ்வளவோ இருக்கிறதே, சாமியார் படிப்பு படிக்கிற இடத்துக்குப் பிள்ளைகளை ஏன் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்?” என்று கேட்டார். நேரமாகிவிட்டதால் இரண்டு வரியில் சொல்லி முடித்தேன். அவருக்கு நிறைவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நம் பள்ளியில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அப்படியிருக்க இது கேட்க வேண்டிய கேள்விதான்.

நாங்கள் போகவிருப்பது ஞானதீப வித்யாபீடம். மெய்யியலும் (அதாவது தத்துவமும்) இறையியலும் கற்பிக்கும் கத்தோலிக்க உயர்கல்வி நிலையம். இன்று புனேயில் இருந்தாலும் இது பிறந்த ஊர் கண்டி.

1893இல் திருத்தந்தை 13ஆம் லியோ, நம் பெரியவர்கள் சிங்கராயர் என்று சொல்வார்களே அவர்தான், இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகக் கண்டியில் ஒரு குருமடம், அதாவது கத்தோலிக்கக் குருக்களாக விரும்புவோர் படிக்கும் நிலையம், நிறுவினார். குருக்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த காலம் அது. “இந்தியாவே, உன் மீட்பின் பணியாளர் உன் பிள்ளைகளே” என்ற பொருள்படும் லத்தீன் வாசகம் அதற்கு விருதுவாக்கானது. பொறுப்பேற்று நடத்தியவர்கள் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த பெல்ஜியம் நாட்டவர். தமிழ், மலையாளம், கொங்கணி, சிங்களம் என்று வெவ்வேறு தாய்மொழி பேசிய இளைஞர்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்து லத்தீனில் பாடம் கேட்டார்கள். 1926இல் பட்டம் வழங்கும் உரிமையும் கிடைத்தது.

இந்தியாவும் இலங்கையும் தனித்தனி நாடுகளான பிறகு, 1955இல் குருமடம் புனேக்கு இடம்பெயர்ந்தது. கண்டி அம்பிட்டியில் இருந்த பழைய கட்டடம் இலங்கையின் தேசிய குருமடமானது.

ஊர் மாறியதைவிடப் பெயர் மாறியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்தது. லத்தீனில் நடந்துவந்த வழிபாடு மக்களின் மொழிகளுக்கு வந்தது. 1972இல் இந்த நிலையமும் ஞானதீப வித்யாபீடம் என்று இந்திய மொழியில் பெயர் சூட்டிக்கொண்டது. இன்று அங்கே அரிஸ்டாட்டிலோடு இந்திய மெய்யியலும் பாடம். குருமாணவர் மட்டுமல்லாமல் அருள்சகோதரிகளும், குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரும் படிக்கிறார்கள்.

அங்குள்ள இயேசு சபை இல்லத்தின் பெயர் தெ நொபிலி கல்லூரி. அந்தப் பெயருக்குரியவர் 1606இல் மதுரைக்கு வந்து, தமிழும் வடமொழியும் கற்று, தத்துவ போதகர் என்ற பெயரோடு தமிழில் உரைநடை நூல்கள் எழுதிய இத்தாலியர். அவர் மறைந்தது நம் மயிலாப்பூரில், 1656இல். புனேயில் அந்தப் பெயர்ப்பலகையின் கீழே நிற்க வைத்து இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இன்னொரு காரணமும் உண்டு. குருவாக விரும்பி வருகிற இளைஞருக்கும் அங்கே எடுத்த எடுப்பில் இறையியல் கற்பிப்பதில்லை. முதலில் மெய்யியல். உண்மை என்றால் என்ன, ஒன்றை நாம் அறிந்தோம் என்று எப்படிச் சொல்கிறோம் என்று கேட்டுப் பழகிய பிறகே இறையியல் வகுப்பு. விடையை மனப்பாடம் செய்தே பதினோராம் வகுப்புவரை வந்துவிட்ட நம் பிள்ளைகள் இதை நேரில் பார்க்க வேண்டும். அந்த மனப்பாடப் பழக்கத்தில் பள்ளியான எங்களுக்கும் பங்குண்டு.

அங்கே வழிபாடு எதிலும் மாணவர்கள் கலந்துகொள்ளத் தேவையில்லை. நூலகத்தைப் பார்ப்பதும் ஆசிரியர்களோடு உரையாடுவதும்தான் திட்டம். வித்யாபீடம் இருக்கும் அதே சாலையில் உள்ள ஆகா கான் அரண்மனையில், கஸ்தூரிபா 1944இல் உயிர்நீத்த இடத்தையும் அன்றே பார்க்கிறோம்.

ஒவ்வொரு பிள்ளையும் அங்கே கேட்க ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு வரட்டும். அதைத் திருத்தித் தர வேண்டாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். அனுப்ப விருப்பமில்லை என்றாலும் தெரிவியுங்கள். அந்த மாணவர்களுக்கு அந்நாள்களில் பள்ளியில் வகுப்பு நடக்கும். கேள்வி கேட்ட அந்தத் தாயார் எந்த மாலையிலும் என் அறைக்கு வரலாம்; ஐந்தரை மணிவரை இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்