பிட்சர்களை வளர்க்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளருக்கும், பொது மேலாளருக்கும், ஒவ்வொரு ஜூலையிலும் டிராஃப்ட் (பள்ளி, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வு) அறையில் உட்கார்ந்து பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே ஞாயிறு மதிய ஆட்டத்துக்கு பிஎன்சி பார்க் வந்து உட்காரும் தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரில் இருக்கின்றன. நானும் அவர்களில் ஒருவன். பெரிய அணியின் ஆட்டத்தைவிட, அதற்கு வீரர்களை வளர்த்து அனுப்பும் உங்கள் சின்ன அணிகளின் (மைனர் லீக்) ஆட்டத்தைத்தான் நான் அதிகம் பின்தொடர்கிறேன். காலையில் காபியோடு, மேல் நிலையிலிருந்து கீழ் நிலை வரை, இண்டியானாபோலிஸ், அல்டூனா, கிரீன்ஸ்போரோ, பிரேடன்டன் ஆகிய நான்கு ஊர்களின் ஸ்கோரையும் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. யார் எத்தனை ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்க முடியாமலே அவுட்) ஆனான், யாருக்குக் கை வலி, யாரை மேலே அனுப்பியிருக்கிறீர்கள் என்பதெல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். உங்களுக்குப் பிட்சர்களை, அதாவது பந்து வீசுபவர்களை, கண்டுபிடிக்கவும் தெரிகிறது, வளர்க்கவும் தெரிகிறது. பேட்டர்களை டிராஃப்டில் எடுக்கிறீர்கள். அப்புறம் அவர்கள் வளர்வதில்லை. பல வருடமாக எங்கள் கண் முன்னால் இது நடக்கிறது. நீங்கள் இதை ஒரு தனிப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு, வெளிப்படையாகப் பேசி, சரிசெய்ய வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2021 டிராஃப்டில் நீங்கள் செய்த கணக்கு எனக்கு இன்றும் பிடிக்கும். முதல் இடத்தில் எடுக்கும் வீரரின் ஒப்பந்தத்துக்கு லீக் வைத்திருந்த மதிப்பு சுமார் 84 லட்சம் டாலர். லூயிவில் பல்கலைக்கழக கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) ஹென்றி டேவிஸை 65 லட்சத்துக்கு ஒப்பந்தம் செய்தீர்கள். மிச்சமான பணத்தைப் பின்னால் வந்த சுற்றுகளில் பள்ளிப் பையன்கள் மேல் போட்டீர்கள். அப்படிக் கிடைத்தவர்தான் பப்பா சாண்ட்லர். கிளெம்ஸனில் அமெரிக்கக் கால்பந்து குவார்ட்டர்பேக்காக விளையாடப் போகவிருந்த பையன் அவர். 72-வது இடத்தில் எடுத்து, அந்த இடத்துக்குரிய தொகையைவிடப் பல மடங்காக 30 லட்சம் டாலர் கொடுத்து, பேஸ்பால் பக்கம் திருப்பினீர்கள். 2025 ஆகஸ்டில் அவர் பிஎன்சி பார்க்கில் முதல்முறை இறங்கி, கடைசி நான்கு இன்னிங்ஸை வீசி ஆட்டத்தை முடித்துக் கொடுத்தபோது, நான்கு வருடம் முன்பு போட்ட அந்தக் கணக்குதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

சாண்ட்லர் மட்டும் இல்லை. மிட்ச் கெல்லர் 2014-இல் இரண்டாம் சுற்று. பிராக்ஸ்டன் ஆஷ்கிராஃப்ட் 2018-இல் இரண்டாம் சுற்று. ஜாரெட் ஜோன்ஸ் 2020-இல் இரண்டாம் சுற்று. 2023-இல் பால் ஸ்கீன்ஸுக்கு அதுவரை யாருக்கும் தராத 92 லட்சம் டாலர் தந்து முதல் இடத்தில் எடுத்தீர்கள். அவர் 2024-இல் சிறந்த புதுமுகம், 2025-இல் நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. ஒரு சின்ன ஊர் அணிக்கு இத்தனை பிட்சர்கள் டிராஃப்ட் வழியாகவே கிடைத்திருக்கிறார்கள். இதை அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது பேட்டர்கள் பக்கம் வருவோம். 2014 முதல் சுற்றில் கோல் டக்கர். 2015-இல் கெவின் நியூமன், கூடவே கிப்ரையன் ஹேய்ஸ். 2016-இல் வில் கிரெய்க். 2018-இல் டிராவிஸ் ஸ்வாகர்ட்டி. 2020-இல் நிக் கொன்சாலஸ். 2021-இல் டேவிஸ். 2022-இல் டெர்மார் ஜான்சன். ஸ்வாகர்ட்டி பெரிய அணிக்காக ஆடியது ஐந்தே ஆட்டம். உடல்நலம் அவரைக் கைவிட்டது, அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. ஹேய்ஸ் மூன்றாம் பேஸில் சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு கிளவ் விருது வாங்கியவர், ஆனால் அவரும் மட்டையால் நிலைக்காமல் 2025 ஜூலையில் சின்சினாட்டிக்குப் போனார். நியூமன் 2019-இல் .300 என்ற நல்ல சராசரிக்கு மேல் அடித்தார், அடுத்த வருடமே அந்த அடி காணாமல் போனது. கொன்சாலஸ் பெரிய அணியில் இடம் பிடித்தார். ஏழாவது இடத்தில் எடுத்தபோது நாங்கள் எதிர்பார்த்த பேட்டர் 2025 வரை வெளியே வரவில்லை. நீங்கள் முதல் சுற்றில் எடுத்த பேட்டர்களில் பிட்ஸ்பர்க்கிலேயே வளர்ந்து நட்சத்திரமானவர் யார் என்று கேட்டால், எங்கள் வாயில் வருவது 2005-இல் எடுத்த ஆண்ட்ரூ மெக்கட்சன் பெயர்தான். இடையில் பெட்ரோ ஆல்வரெஸ் 2013-இல் 36 ஹோம் ரன் (வேலி தாண்டும் அடி) அடித்த ஒரு நல்ல காலமும் உண்டு, அதை மறக்கவில்லை. ஆஸ்டின் மெடோஸ் 33 ஹோம் ரன் அடித்தார். அதற்குள் அவரை டாம்பா பேக்கு அனுப்பிவிட்டிருந்தீர்கள்.

ஒருவர் தவறினால் டிராஃப்ட் ஒரு சூதாட்டம் என்று விட்டுவிடலாம். இத்தனை பேர், இத்தனை வகையான பேட்டர்கள், இரண்டு வெவ்வேறு பொது மேலாளர்களின் காலத்தில் எடுக்கப்பட்டவர்கள், எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள் என்றால் கோளாறு நாற்றில் இல்லை, வயலில் இருக்கிறது.

விளைவு என்ன? 2025-இல் பைரேட்ஸ் மொத்தம் 583 ரன் எடுத்தது, 117 ஹோம் ரன் அடித்தது. இரண்டிலும் 30 அணிகளில் கடைசி. அந்த வருடம் ஸ்கீன்ஸ் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.97 ரன் மட்டும் கொடுத்தார். அவருடைய வெற்றி தோல்விக் கணக்கு 10-10. ஒரு பிட்சர் இதைவிட என்ன செய்ய முடியும்? ஸ்கீன்ஸ் வீசும் நாளில் ஏழாவது இன்னிங்ஸ் வரை பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று ஸ்கோர்போர்டு நிற்கும்போது மைதானத்தில் ஒரு அமைதி வரும். அது பரபரப்பான அமைதி இல்லை. இன்றைக்கும் இவனை வீணடித்துவிடுவோமோ என்ற கவலை.

மைனர் லீக்கைக் கவனிப்பவர்களுக்கு இது எந்த இடத்தில் உடைகிறது என்று ஓரளவு தெரியும். கிரீன்ஸ்போரோ மைதானம் பேட்டர்களுக்குச் சாதகமானது; வேறு ஊரில் எல்லையருகே கேட்ச் ஆகும் பந்து அங்கே வேலியைத் தாண்டிவிடும். ஒரு பையன் அங்கே 15, 20 ஹோம் ரன் அடிப்பான். நாங்களும் ஆசையோடு பெயரைக் குறித்துக்கொள்வோம். அடுத்த வருடம் அல்டூனாவில், பெரிய லீக்குக்கு இரண்டு படி கீழே உள்ள டபுள்-ஏ நிலையில், கர்வ், ஸ்லைடர் என்ற வளையும் பந்துகளை எந்த நேரத்திலும் போடத் தெரிந்த பிட்சர்கள் முன்னால் நிற்கும்போது ஓட்டை தெரியும். 2019-இல் மேசன் மார்ட்டின் கிரீன்ஸ்போரோ, பிரேடன்டன் இரண்டிலும் சேர்த்து 35 ஹோம் ரன் அடித்தார். கூடவே ஸ்ட்ரைக்அவுட்டும் மலைபோல் குவிந்தது. அந்தக் குறை தெரிந்தும், அடுத்தடுத்த நிலைகளில் அது தீரவே இல்லை. அவர் பெரிய அணிக்கு வரவே இல்லை.

அல்டூனா மைதானத்தில் நான் விரும்பி உட்காரும் இடம் ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால். வலது பக்க வேலிக்குப் பின்னால் ரோலர் கோஸ்டர் ஓடும். குழந்தைகள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பக்கத்து வரிசைகளில் மற்ற அணிகளின் ஸ்கவுட்கள் (வீரர்களை எடைபோட வருபவர்கள்) பந்தின் வேகம் அளக்கும் ரேடார் துப்பாக்கியோடு இருப்பார்கள். நம் பிட்சர் வீசும்போது எல்லாக் கையும் எழும், எல்லாப் பேனாவும் ஓடும். நம் பேட்டர்கள் வரும்போது பாதிப் பேர் எழுந்து ஹாட் டாக் வாங்கப் போய்விடுவார்கள். அதைப் பார்க்க எனக்கு வலிக்கும்.

2025 ஆகஸ்டில் மட்டும் அது மாறியது. கானர் கிரிஃபின் வந்தார். யாரும் எழுந்து போகவில்லை.

கிரிஃபின் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் என் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. மிசிசிப்பியில் பள்ளிப் படிப்பை ஒரு வருடம் முன்னதாகவே முடித்து 2024 டிராஃப்டுக்கு வந்தவர். ஓட்டம், கை பலம், உடல்வாகு எல்லாம் முதல் தரம். சந்தேகம் ஒன்றே ஒன்று: இவரால் பந்தை ஒழுங்காக அடிக்க முடியுமா? அந்தச் சந்தேகத்தால்தான் ஒன்பதாவது இடம் வரை நழுவி உங்களிடம் வந்தார். உங்கள் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து ஸ்விங்கைத் திருத்திக்கொண்டார். அடுத்த வருடம், 19 வயதில், பிரேடன்டன், கிரீன்ஸ்போரோ, அல்டூனா என்று மூன்று நிலைகளைத் தாண்டி, .333 சராசரி, 21 ஹோம் ரன், 65 பேஸ் திருட்டு (ஓடியே அடுத்த பேஸைப் பிடிப்பது). கிரீன்ஸ்போரோ மைதானத்தின் சலுகை என்று இதை ஒதுக்க முடியாது. அல்டூனாவிலும் அதே அடி.

இப்போது டெர்மார் ஜான்சனைப் பாருங்கள். 2022-இல் நான்காவது இடம். ஒரு தலைமுறையில் ஒருமுறை வரும் பள்ளி பேட்டர் என்று ஸ்கவுட்கள் புகழ்ந்த பையன். அடிக்கத் தெரியாது என்று சந்தேகிக்கப்பட்ட கிரிஃபின் பறக்கிறார். அடிப்பதற்காகவே எடுக்கப்பட்டவர் நிலை நிலையாகத் தடுமாறி ஏறுகிறார். ஜான்சனுக்குப் பொறுமை இருக்கிறது, கெட்ட பந்தைத் தொடமாட்டார், அல்டூனாவில் ஓரளவு மீண்டும் வந்தார். அவர்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை உண்டு. ஆனால் இந்த இருவரையும் வளர்த்தது ஒரே நிர்வாகம். கிரிஃபினிடம் செய்தது என்ன? அதை ஜான்சனிடம் செய்தீர்களா? செய்தும் பலிக்கவில்லையா, அல்லது செய்யவே இல்லையா? கிரிஃபின் தன் திறமையால் தானே வளர்ந்தார் என்றால் அதையும் சொல்லுங்கள். அப்படியென்றால் உங்களிடம் இன்னும் வழி இல்லை என்று அர்த்தம்.

டேவிஸ் பற்றியும் ஒன்று. நாட்டிலேயே முதலாவதாக எடுத்த கேட்சரை, 2023-இல் மேலே கொண்டுவந்ததும் வலது ஃபீல்டில் நிறுத்தினீர்கள். பெரிய லீக் பிட்சிங்கைப் படிக்க வேண்டிய நேரத்தில் அவர் புது இடத்தில் பந்து பிடிக்கப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி கேட்சர். இன்று ஸ்கீன்ஸ் நம்பிப் பந்து வீசும் அளவுக்கு நல்ல கேட்சராகிவிட்டார், ஆனால் 2025-இல் அவருடைய சராசரி .200-ஐக்கூடத் தொடவில்லை. ஒரு இளைஞனிடம் ஒரே நேரத்தில் எத்தனை கேட்பது?

இதெல்லாம் பணத்தால் மட்டும் வந்த பிரச்சினை என்று சிலர் சொல்கிறார்கள். உரிமையாளர் நட்டிங் அவர்களே, சம்பளப் பட்டியல் பற்றி நகரம் உங்களிடம் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது, நானும் அந்தக் கோபத்தில் பங்காளிதான். ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றியது இல்லை. டிராஃப்ட் ஒன்றில்தான் பிட்ஸ்பர்க்கும் நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும் கிட்டத்தட்ட ஒரே விதியில் ஆடுகின்றன. 2011-இல் இந்த அணி டிராஃப்டுக்காகவே 1 கோடியே 70 லட்சம் டாலர் கொட்டியது. கெரிட் கோலுக்கு 80 லட்சம். என்னை எடுக்காதீர்கள், கல்லூரிக்குப் போகிறேன் என்று முன்கூட்டியே கடிதம் போட்ட ஜாஷ் பெல்லுக்கு இரண்டாம் சுற்றில் 50 லட்சம். அடுத்த வருடமே லீக் ஒவ்வோர் அணிக்கும் உச்சவரம்பு போட்டுவிட்டது. எனவே அந்த வழி அடைபட்டது. பயிற்சியாளருக்கும், வீடியோ அறைக்கும், சமையலறைக்கும் செலவழிக்க உச்சவரம்பு எதுவும் கிடையாது. ஒப்பந்தம் முடிந்து வெளிச்சந்தைக்கு வரும் ஒரு வீரரை எடுக்க ஆகும் தொகையில் ஒரு சிறு பங்கை வைத்து நான்கு ஊர்களிலும் கூடுதல் பேட்டிங் பயிற்சியாளர்களை நிறுத்தலாம்.

அதைத்தான் முதலில் கேட்கிறேன். ஒரு பையன் பிரேடன்டனிலிருந்து கிரீன்ஸ்போரோ போகிறான், அங்கிருந்து அல்டூனா. ஊர் மாறும்போதெல்லாம் அவனுக்கு அறிவுரை சொல்லும் வாயும் மாறுகிறது. டிராஃப்ட் நாளிலிருந்து ஒரே பயிற்சியாளர் அவனுக்குப் பொறுப்பாக, ஊர் ஊராகக் கூடவே வரட்டும். ஸ்விங்கை மாற்றினால் ஏன் மாற்றினோம் என்பது அவருக்காவது தெரிந்திருக்கும்.

அப்புறம் குளிர்காலம். 2023-இல் மைனர் லீக் வீரர்களின் சங்கம் போட்ட முதல் ஒப்பந்தத்தால் டபுள்-ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 13,800 டாலரிலிருந்து 30,250 டாலர் ஆனது. நல்ல விஷயம், ஆனால் அது எல்லா அணிகளுக்கும் பொது. நீங்கள் ஒரு படி மேலே போய், விருப்பமுள்ள பேட்டர்களை நவம்பர் முதல் பிரேடன்டனிலேயே தங்கவைத்து, சாப்பாடும் பயிற்சியும் கொடுங்கள். ஊருக்குப் போய் வேறு வேலை பார்த்துக்கொண்டே தனியாக வலைக்குள் மட்டை சுழற்றும் பையனும், தினமும் 100 மைல் வேகத்தில் பந்து எறியும் இயந்திரத்தின் முன்னால் நிற்கும் பையனும் பிப்ரவரியில் ஒரே மாதிரி வரமாட்டார்கள்.

2025 டிராஃப்டில் ஆறாவது இடத்தில் மறுபடியும் ஒரு பிட்சரை, கலிஃபோர்னியா கொரோனா பள்ளியின் சேத் ஹெர்னாண்டஸை எடுத்தீர்கள். நான் அதை எதிர்க்கவில்லை. உங்களுக்கு எது கைவருமோ அதை எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் பேட்டர்களை வளர்க்கத் தெரியாததால் பிட்சர்களையே எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்ற நிலைக்கு நீங்கள் வந்துவிடக் கூடாது. பிட்சரின் கை எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஜாரெட் ஜோன்ஸ் 2025 முழுவதும் முழங்கைக் காயத்தாலும் அறுவை சிகிச்சையாலும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தோம். பிட்சர்களை விற்று பேட்டர்களை வாங்கலாம் என்பீர்கள். 2018-இல் கிரிஸ் ஆர்ச்சர் என்ற ஒரே பிட்சருக்காக, பிட்சர்கள் கிளாஸ்னோ, ஷேன் பாஸ், பேட்டர் மெடோஸ் மூவரையும் கொடுத்த ஊர் இது. வியாபாரத்தை நம்பச் சொல்லி எங்களிடம் கேட்பது கஷ்டம்.

கடைசிக் கோரிக்கை. சீசன் முடிந்ததும், மைனர் லீக்கில் இருக்கும் முக்கியமான பேட்டர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் அவர்களின் தனிப்பட்ட விஷயங்களைத் தொடாமல் நாலு வரி எழுதி ரசிகர்கள் முன் வையுங்கள்: இந்த வருடம் எதைத் திருத்த முயன்றோம், எது திருந்தியது, எது இல்லை. ஜான்சனைப் பற்றிய நாலு வரியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
நான்கு ஊர் ஸ்கோரையும் தினமும் பார்க்கும் ஒரு பிட்ஸ்பர்க் தமிழர்