வாத்துக்கூட்டைப் படங்கால் மூடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை பிடித்துவிட்டால் வட்டவளை, கினிகத்தேனை, நோர்வூட் பக்கங்களில் வாத்துக்கூடுகளைச் சுற்றிப் படங்கும் பொலித்தீனும் ஏறிவிடுகின்றன. வாத்து நனையக்கூடாது என்ற அக்கறையில்தான் செய்கிறார்கள். ஆனால் நாலு பக்கமும் அடைத்த கூட்டில்தான் வாத்துகள் நோயில் விழுகின்றன. வளர்ந்த வாத்தின் இறகில் எண்ணெய்ப் பசை உண்டு. மழை அதை ஒன்றும் செய்யாது. படுக்கிற இடத்து ஈரம்தான் ஆகாது. பெரும்பாலான வாத்துகள் கோழியைப் போலக் கம்பில் ஏறி உறங்குவதில்லை. இரவு முழுக்க வயிறும் காலும் தரையில் பட்டபடியே கிடக்கும். ஈரப் படுக்கையில் பாதத் தோல் ஊறி வெடித்து, வெடிப்பில் கிருமி ஏறிக் கால் வீங்கிவிடும்.

கூரை ஒழுகாத கூடும் உள்ளுக்குள்ளேயே நனையும். வாத்து எச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அத்தோடு தீனி தின்னும்போது அலகைத் தண்ணீரில் அலசி அலசிச் சுற்றிலும் தெறிக்கும். தண்ணீர்ச் சட்டியை உள்ளே வைத்தால் விடியுமுன் படுக்கை சேறாகிவிடும். வளர்ந்த வாத்துகளென்றால், பொழுதுபட்டு அடைக்கும்போது தீனி, தண்ணீர் இரண்டையும் வெளியே எடுத்துவிடுங்கள். தீனியை மட்டும் விட்டுவைத்தால் தண்ணீரில்லாமல் தின்று தொண்டை அடைத்துத் திணறும். காலையில் திறந்ததும் முதலில் தண்ணீர், பிறகு தீனி.

அடைத்த கூட்டில் எச்சத்தின் ஆவியும் மூச்சின் ஆவியும் போக வழியில்லை. இரவுக் குளிரில் தகரத்தின் அடிப்பக்கம் அது முத்து முத்தாகக் கோத்துச் சொட்டும். அதைக் கூரை ஒழுக்கென்று எண்ணி மேலே இன்னொரு படங்கு போடுகிறவர்கள் உண்டு. அதனால் ஈரம் கூடத்தான் செய்யும். பூஞ்சணம் கிளம்பி நுரையீரலுக்குப் போகும். சாரல் அடிக்கிற பக்கத்தை மட்டும் பலகையால் மறையுங்கள். கூரைக்குக் கீழே, வாத்துகளின் தலைக்கு மேலாக, மற்றப் பக்கங்களில் ஆறு அங்குலம் திறந்துவிட்டு வலைக்கம்பி அடியுங்கள். தகரம் சுவரைத் தாண்டி இரண்டு அடி நீண்டிருக்க வேண்டும். காற்றோட்டம் போதுமா என்று பார்க்க, குனிந்து வாத்தின் தலை உயரத்தில் மூச்சிழுத்துப் பாருங்கள். கண் கரித்தால் போதாது.

நமது சரிவு நிலத்தில் மேட்டுத் தண்ணீர் மண்ணுக்குள்ளாலும் வரும். கூட்டின் மேட்டுப் பக்கத்தில், இரண்டு அடி தள்ளி, ஓரடி ஆழத்துக்குப் பிறை வடிவில் கான் (வடிகால்) வெட்டுங்கள். தோண்டிய மண்ணைக் கூட்டுப் பக்கமே வரம்பாகப் போடுங்கள். கான் ஏற்கனவே இருக்கிற தோட்டத்துக் கானில் சேர வேண்டும். கீழ் லயத்தின் பின்சுவரில் போய் முட்டக்கூடாது. இடம் வேண்டுமென்று மண்திட்டைச் செங்குத்தாக வெட்டிக் கூட்டைச் சொருகுவதோ பெரும் ஆபத்து. அந்த வெட்டில் தண்ணீர் இறங்கினால் கூட்டோடு வீடும் சரியும்.

வசதியிருந்தால் தளத்தைக் கால்களில் ஒன்றரை அடி உயர்த்துங்கள். பலகைகளுக்கிடையே கால் அங்குலம் விட்டால் ஈரம் வடியும், படுக்கைக்குப் போடும் மரச்சீவல் பெரும்பாலும் தங்கும். ஏறும் பலகை சாய்வாகவும் அகலமாகவும் இருக்கட்டும். இல்லையென்றால் வாத்துகள் எல்லாம் ஒன்றாக முண்டியடித்து இறங்கிக் கால் சுளுக்கிக்கொள்ளும். மரச்சீவல் ஆறு அங்குலம் போடலாம். வைக்கோல் நம் ஈரக்காற்றில் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புச் சாம்பல் வேண்டாம். நனைந்தால் காரமாகிப் பாதத்தை அரிக்கும். தினமும் வாசலோரத்து ஈரத்தை அள்ளிவிட்டு, மிச்சத்தைக் கிளறிக் காய்ந்த சீவல் தூவுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கி விட்டால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் மாற்றும் நேரம்.

தாயில்லாமல் வளரும் குஞ்சுகளின் கதை வேறு. மென்மயிரில் எண்ணெய் இராது. ஒரு நனைச்சலில் விறைத்துச் செத்துவிடும். குறைந்தது நான்கு கிழமை மழையில் விடக்கூடாது. குஞ்சு விற்கிறவர்கள் இதையாவது சொல்லி அனுப்ப வேண்டும்.

தீனி மூட்டையைத் தரையிலும் சுவரோடும் சாய்க்காமல் பலகை மேல் வையுங்கள். பூஞ்சணத்தின் அஃப்லடொக்சின் நஞ்சைத் தாங்கவே முடியாத பறவை வாத்து. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை வெயிலில் காயவைத்தாலும், கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது; ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
நோர்வூட்.