கனரக இழுவை லாரிகளின் வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காற்றாலை இறக்கைகளை ஏற்றிச்செல்லும் நீண்ட டிரெய்லர்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, கனரக இழுவை லாரிகளின் வரலாற்றை ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்கு வருத்தமளித்தது.

இங்கிலாந்தின் வாட்ஃபோர்டு நகரில் இயங்கிய ஸ்கேமல் நிறுவனம், 1929 வாக்கில் 100 டன் சுமைக்கென இரண்டே இரண்டு லாரிகளைத் தயாரித்தது. சங்கிலியால் பின்சக்கரங்களைச் சுழற்றிய அவை, முழுச்சுமையுடன் ஆள் கூடவே ஓடக்கூடிய வேகத்தில்தான் நகர்ந்தன. டிரெய்லரின் பின்முனையில் இன்னொருவர் அமர்ந்து அதன் சக்கரங்களைத் திருப்பிக்கொடுத்தால்தான் தெருமுனைகளைக் கடக்க முடிந்தது. முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒருவர் மனத்தை ஒருவர் அறிந்து ஓட்டிய அந்தத் திறமை என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் டாங்கிகளை இழுக்க அமெரிக்காவில் உருவான டைமண்ட் டி 980 லாரிகள், போருக்குப் பின் பிரிட்டிஷ் சாலைகளில் பெரும் பாரங்களை இழுத்தன. முதுகிலிருந்த எடைப்பெட்டி சக்கரங்களைத் தரையோடு அழுத்தாவிட்டால், அவை நின்ற இடத்திலேயே சுழன்றிருக்கும். அவற்றில் சிலவற்றை ஆர்வலர்கள் சொந்தச் செலவில் பழுதுநீக்கி, இன்றும் ஓட்டிக்காட்டுகிறார்கள்.

ஸ்கேமலை லேலண்ட் நிறுவனம் வாங்கிய 1955-ஆம் ஆண்டில்தான், சென்னையின் அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்ட் ஆனது. நம் ஊரின் மூத்த டிரெய்லர் ஓட்டுநர்களின் அனுபவங்களையும் தாங்கள் தொடராக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்