பனிக்குப் போகும் பிள்ளைகளின் பிளேடு: மதுரை ஸ்கேட்டிங் பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

மதுரையில் ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்களுக்கும், விடியற்காலையில் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்கு ஓடும் அப்பா அம்மாக்களுக்கும் வணக்கம்.

நான் சிம்மக்கல் பக்கம் லேத் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தவன். பிறகு டொராண்டோவில் பன்னிரண்டு வருடம், ஒரு ஐஸ் ரிங்கின், அதாவது பனித்தரை ஆடுகளத்தின், பின்னறையில் ஹாக்கி ஸ்கேட்டுகளுக்குச் சாணை பிடித்தேன், ரிவெட் அடித்தேன், ஹோல்டர் மாற்றினேன். ஊர் திரும்பி மூன்று வருடம் ஆகிறது. ஸ்கேட் பேச்சு இனி இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். போன பிப்ரவரியில் ஒரு குடும்பம் வீட்டுக்கு வந்ததிலிருந்து இந்த மடலை எழுத வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

வந்தவர் தன் மகளைக் கூட்டி வந்திருந்தார். பன்னிரண்டு வயது. நான்கு வருடமாக இங்கே சக்கர ஸ்கேட்டில் ஹாக்கி ஆடுகிறவள். ஜனவரியில் லடாக்கின் லேயில் ஐஸ் ஹாக்கிப் பயிற்சி முகாமுக்குப் போய் வந்திருக்கிறாள். கனடாவில் இருக்கும் தாய்மாமன் அனுப்பிய பழைய ஸ்கேட்.

"அண்ணே, பிள்ளைக்கு ஐஸ் சரிப்படாதுன்னு சொல்லிட்டாங்க. பத்து நாளும் விழுந்து விழுந்து எந்திரிச்சிருக்கா. அழுதுகிட்டே வந்தா" என்றார்.

ஸ்கேட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, டியூப்லைட்டுக்கு நேராக வைத்து, பிளேடின் நீளத்துக்குப் பார்த்தேன். ஹாக்கி பிளேடின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கக் கூடாது. நடுவில் ஒரு வாய்க்கால் ஓட வேண்டும், அதன் இரண்டு கரையிலும் இரண்டு கூர் நிற்க வேண்டும். இந்தப் பிளேடில் வாய்க்காலே இல்லை. மொழுமொழுவென்று இருந்தது. வெளிப்பக்கக் கரை உட்பக்கத்தைவிட உயரம். முன்பக்கம் நான்கு விரல் அகலத்துக்கு மயில் கழுத்து நிறத்தில் நீலம் பாய்ந்திருந்தது. யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கிளம்புவதற்கு முதல் நாள் தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்து நன்றாகக் கூர் ஏற்றித் தரச் சொன்னாராம்.

அந்தச் சாணைக்காரர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் செய்கிற வேலையை அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஸ்கேட் பிளேடுக்கு வேலை வேறு. அங்கே கல்லின் விளிம்பையே வைரமுனையால் சீவி வளைவாக்கி, அந்த வளைந்த கல்லின்மேல் பிளேடை நீளவாக்கில் இழுப்பார்கள். பிளேடின் கனம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அரை அங்குல ஆரம் உள்ள வளைவில் சாணை பிடித்தால் அந்த வாய்க்காலின் ஆழம் ஒரு தாளின் பருமன்கூட வராது. அவ்வளவு சின்னப் பள்ளம்தான் பிள்ளையின் முழு எடையையும் திரும்பும்போது தாங்கிப் பிடிக்கிறது. அது போய்விட்டால் கண்ணாடிமேல் கரண்டியை வைத்த மாதிரி.

நீலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருப்பாச்சேத்திப் பக்கம் அரிவாள் அடிக்கிறவர்களைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்வார்கள்: பதம் போய்விட்டது. காய்ச்சி, தோய்த்து, பதம் ஏற்றிய எஃகு, கல்லில் அழுத்தித் தேய்த்த சூட்டில் 300 டிகிரியைத் தொடும்போது அந்த நிறம் வரும். அந்த இடம் இளகிப்போகும். அதன்பிறகு எத்தனை முறை கூர் வைத்தாலும் அரை மணி நேரம் நிற்காது. அந்தப் பிள்ளை பத்து நாள் நின்று பார்த்தது அப்படிப்பட்ட இரும்பின்மேல். கற்றுக்கொள்ள வராத பிள்ளை என்று அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குத் தாங்கவில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஐஸ் ஆசை வந்திருப்பது எனக்குச் சந்தோஷம். 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி வெண்கலம் வாங்கியது. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் கட்டிய ரிங்க், பல வருடம் மூடிக் கிடந்து, 2025-இல் மறுபடி திறந்திருக்கிறது. சக்கரத்தில் நன்றாக ஓடும் பிள்ளை ஐஸில் சீக்கிரமே பிடித்துக்கொள்வாள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் காலுக்குக் கீழே இருப்பது என்ன என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஹாக்கி ஸ்கேட்டில் மூன்று பாகம். காலைப் பிடிக்கும் பூட். அதன் அடியில் ரிவெட் அடித்து மாட்டிய பிளாஸ்டிக் ஹோல்டர். ஹோல்டருக்குள் உட்காரும் எஃகு பிளேடு. இந்த மூன்றுக்கும் ஆயுள் ஒன்றல்ல. பிளேடு வண்டி டயர் மாதிரி, தேய்வதற்கென்றே இருப்பது. ஒவ்வொரு சாணைக்கும் கொஞ்சம் கரையும். பூட் நன்றாக இருக்கும்போது பிளேடு தேய்ந்ததற்காக "புது ஸ்கேட்டே வாங்கிடுங்க" என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள். டயர் தேய்ந்தால் யாரும் வண்டியை விற்பதில்லையே. கடனை வாங்கி வாங்குகிற வீடுகள் நம் மைதானத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

பிளேடை எப்போது மாற்றுவது? அளவெல்லாம் வேண்டாம். அதே மாதிரிப் புதுப் பிளேடு ஒன்றைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், உயரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஹோல்டருக்கு வெளியே தெரியும் எஃகு குட்டையாகிவிட்டால், பிள்ளை நன்றாகச் சாய்ந்து திரும்பும்போது ஹோல்டரின் ஓரம் ஐஸில் உரசும். உரசினால் பிளேடு ஐஸைவிட்டு எழும்பும், கால் வழுக்கும். ஹோல்டரின் பக்கவாட்டில் வெள்ளைக் கீறல் விழுந்திருந்தால் அதுதான் அடையாளம். நீலம் பாய்ந்தது, துரு குழி குழியாக அரித்தது, குறுக்கே விரிசல் விட்டது, இவற்றுக்கெல்லாம் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். மாற்றும்போது இரண்டு காலுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு கால் புதிது, ஒரு கால் பழையது என்றால் இடுப்பே கோணும்.

வெளிநாட்டில் இருக்கும் மாமாவிடமோ சித்தப்பாவிடமோ பிளேடு வாங்கி வரச் சொல்லும்போது "எட்டாம் நம்பர் ஷூவுக்கு பிளேடு" என்று சொல்லாதீர்கள். ஷூ நம்பர் வேறு, ஹோல்டர் நம்பர் வேறு. ஹோல்டரிலும் பிளேடிலும் 254, 263, 272, 280 என்று மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கூடவே ஹோல்டரின் பெயரையும். பாவர் கம்பெனியின் டூக் ஹோல்டரிலேயே லைட்ஸ்பீடு 2 என்பது திருகில் மாட்டுவது, லைட்ஸ்பீடு எட்ஜ் என்பது உள்ளே இருக்கும் விசையை விரலால் இழுத்தால் பிளேடு கழன்று வருவது. இரண்டும் ஒரே நீளமாக இருந்தாலும் ஒன்றின் பிளேடு மற்றதில் உட்காராது. சிசிஎம் என்ற இன்னொரு கம்பெனியுடையது அதற்கும் வேறு. தாய்மாமன் ஆசையாக வாங்கி அனுப்பிய பிளேடு பொருந்தாமல் பீரோவில் கிடப்பதை இரண்டு வீட்டில் பார்த்துவிட்டேன்.

விசை உள்ள ஹோல்டர் என்றால் பிளேடை வீட்டிலேயே மாற்றலாம். ஒரு நிமிட வேலை. மாட்டிய பிறகு பிளேடைக் கையால் பிடித்து இடவலமாக அசைத்துப் பாருங்கள். டக்கென்று சத்தம் வந்தால் சரியாக உட்காரவில்லை, அல்லது ஹோல்டருக்குள் எங்கோ உடைசல் இருக்கிறது.

ஹோல்டர் மாற்றுவது அப்படி இல்லை. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே யாரும் செய்து பழகாத வேலை இது. முதலில் பூட்டுக்குள் பாதம் படும் இன்சோலை எடுத்துவிட்டுப் பழைய ரிவெட்டுகளின் தலையைச் சீவி எடுக்க வேண்டும், பூட்டின் அடித்தகட்டில் ஓட்டை பெரிதாகாமல். புது ஹோல்டரை வைக்கும்போது குதிகாலின் நடுவும் முன்பாதத்தின் நடுவும் ஒரே கோட்டில் பிளேடின்மேல் விழ வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் பிள்ளையின் கணுக்கால் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாயும். பிறகு அதற்கும் பிள்ளையைத்தான் திட்டுவார்கள். ரிவெட்டில் செம்பு உண்டு, எஃகும் உண்டு. செம்பு இளக்கமானது, நன்றாக அமர்ந்துகொள்ளும். எஃகு கெட்டி. செருப்புக் கடையில், பைக் கடையில் அடிக்கும் அலுமினிய ரிவெட் இதற்கு ஆகாது, ஒரு நாள்கூடத் தாங்காது. முகாமில் இருக்கும்போது ஒரே ஒரு ரிவெட் தளர்ந்துவிட்டது, அங்கே அழுத்தும் கருவி இல்லை என்றால், ஸ்டெயின்லெஸ் திருகும், தளராத நைலான் நட்டும் போட்டு, தட்டைத் தலை பூட்டுக்குள் வருகிற மாதிரி முடுக்கிச் சமாளிக்கலாம். முழு ஹோல்டரையும் மாற்ற வேண்டும் என்றால் கருவி உள்ள கைக்குத்தான் போக வேண்டும். ஹோல்டரில் எங்கே பார்ப்பது என்றால், முன்னும் பின்னும் பூட்டோடு சேரும் இரண்டு தூணின் அடியிலும், விசை இருக்கும் இடத்திலும். மயிரிழை விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும்.

லே போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அது 3,500 மீட்டர் உயரம், ஜனவரி இரவில் குளிர் மைனஸ் பதினைந்துக்கும் கீழே போகும். அப்படி உறைந்த ஐஸ் கல் மாதிரி இருக்கும். நம் பிள்ளைகளோ முப்பது, முப்பத்தைந்து கிலோ. எடை குறைந்த பிள்ளை, கெட்டி ஐஸ் இரண்டும் சேர்ந்தால் வாய்க்கால் கொஞ்சம் ஆழமாக வேண்டும். அரை அங்குலம், தேவைப்பட்டால் எட்டில் மூன்று அங்குல ஆரம் கேளுங்கள். எண் குறையக் குறைய ஆழம் கூடும், பிடிப்பும் கூடும், சறுக்கும் வேகம் கொஞ்சம் குறையும். சாணை பிடித்து வாங்கியதும் ஸ்கேட்டைத் தலைகீழாக வைத்து பிளேடின் குறுக்கே ஓர் ஒற்றை ரூபாய் நாணயத்தைப் படுக்க வைத்துப் பாருங்கள். பிளேடுக்குச் செங்கோணத்தில் படுத்தால் இரண்டு கூரும் சமம். ஒரு பக்கம் சாய்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, டொராண்டோவில் பத்து வயதுப் பையன்கள் என்னிடம் அப்படித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

ரயிலில் நாள்கணக்கில் போகிறீர்கள். ஈரச் சாக்ஸ் கிடக்கும் பையிலேயே பிளேடையும் போட்டு மூடினால் ஊர் வந்து சேரும்போது துரு ஏறியிருக்கும். கழற்ற முடிகிற பிளேடைக் கழற்றித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். நடப்பதற்கு மாட்டும் பிளாஸ்டிக் உறையைப் போட்டபடியே விடாதீர்கள், அதற்குள் தண்ணீர் நிற்கும்.

பயிற்சியாளர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு கிளப்பிலும் பொதுவாக ஒரு பெட்டி வையுங்கள். அதில் ஒரு வழவழப்பான கைக்கல், ஹோல்டருக்குத் தேவையான சாவி, நாலைந்து திருகு நட்டு, எந்தப் பிள்ளைக்கு எந்த ஹோல்டர், எந்த எண் என்று எழுதிய ஒரு நோட்டு. பத்துப் பிள்ளை போகிறார்கள் என்றால் அவர்களுக்குள் பொதுவாக இருக்கும் அளவில் ஒரு ஜோடி உபரி பிளேடு. இதைப் பத்து வீடும் சேர்ந்து வாங்கினால் யாருக்கும் பாரம் இல்லை. முகாமுக்குக் கிளம்ப ஒரு மாதம் முன்பே எல்லா ஸ்கேட்டையும் ஒரு நாள் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் நாள் இரவு பார்த்தால் தெருவில் வருகிறவரிடம்தான் கொடுக்கத் தோன்றும்.

அந்தப் பிள்ளையின் பூட் தங்கமாக இருக்கிறது. ஹோல்டரிலும் குறை இல்லை. 254, விசை வைத்தது. புது பிளேடு ஒரு ஜோடி அவளுடைய மாமாவே வாங்கி, வாய்க்கால் போட வைத்து அனுப்பினார். போன வாரம் வீட்டுக்கு வந்தாள், நானே மாட்டிக் கொடுத்தேன். பிறகு பழைய பிளேடைக் கையில் கொடுத்து, எங்கே நீலம், எங்கே மொழுக்கை என்று அவளையே விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் சரியாத்தான் நின்னேனா மாமா?" என்று கேட்டாள். சரியாகத்தான் நின்றாய் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பயிற்சி முடிந்ததும் எந்தக் கிளப்புக்கு வேண்டுமானாலும் வந்து காட்டித் தருகிறேன், காசு வேண்டாம். ஸ்கேட்டைக் கொண்டு வரும்போது இன்சோலைக் கழற்றி, உள்ளே காயவைத்துக் கொண்டு வாருங்கள். ரிவெட்டைப் பார்க்க அது வசதி.

அன்புடன்,
சிம்மக்கல் பட்டறைப் பையன் ஒருவன்