சிப்பின் எண்ணைச் சுரண்டாதீர்கள்: மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டு தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தயாரிப்பாளர்களே,

வணக்கம். கைபேசியில் அழைத்தால் கிணற்று மோட்டாரை ஓட்டும் ஆட்டோ ஸ்டார்ட்டர்களைக் கோவைப் பக்கம் பழுதுபார்ப்பவன் நான். சென்ற வாரம் ஒரு விவசாயி, உங்களில் ஒருவர் செய்த பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே பல்லி முட்டை, மோட்டாரை இயக்கி நிறுத்தும் ரிலே கருகிப்போய், நடுவில் பெட்டியின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் சிப். அதன் முதுகிலிருந்த எண்ணை உப்புத்தாளால் தேய்த்திருந்தீர்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கடைசி இரண்டு இலக்கங்கள்தான் தெரிந்தன.

ரிலேயை மாற்றினேன். சிப்பும் போயிருந்தது. எண் தெரியாமல் எந்தச் சிப்பை வாங்கிப் போடுவது? புதுப் பெட்டிதான் வாங்க வேண்டும் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

யாரிடமிருந்து மறைக்கிறீர்கள்? காப்பியடிப்பவனுக்கு ஒரு மல்டிமீட்டரும் இரண்டு இரவும் போதும். சிப்பின் எந்தக் காலில் மின்சாரம், எதில் நேரத்துடிப்பு தரும் கிரிஸ்டல் என்று பார்த்தே சிப்பைக் கண்டுபிடித்துவிடுவான். மாட்டிக்கொள்வது நான்தான். ஐந்து வோல்ட் ரெகுலேட்டர், ஃபேஸ் பார்க்கும் ஆப்டோகப்ளர், ரிலேயை இயக்கும் டிரான்சிஸ்டர் எல்லாம் சிப் நிறுவனங்களே அச்சிட்டுக் கொடுக்கும் சுற்றுகள். உங்கள் கைத்திறன், ஒரு ஃபேஸ் போனதும் மோட்டார் எரியாமல் நிறுத்தும் கணக்கில் இருக்கிறது. சுற்றுப்படத்தைத் திறந்து கொடுங்கள்; அந்தக் கணக்கைச் செய்யும் நிரலைப் பூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். நிரல் ஏற்றிய சிப்பை மட்டும் தனியாக விற்றால் போதும்.

இத்தாலியில் 2005இல் பிறந்த மைக்ரோகன்ட்ரோலர் போர்டான ஆர்டுயினோ, தன் போர்டின் வடிவமைப்பைத் திறந்தே வைத்தது. நகல்கள் குவிந்தன. பெயரை மட்டும் வணிகக்குறியாகக் காத்துக்கொண்டார்கள். சென்னை ஐஐடியோ ஒரு படி மேலே போய், 'சக்தி' பிராசசரின் வடிவமைப்பையே, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்னும் பிஎஸ்டி உரிமத்தில் வெளியிட்டது. ரிலே போர்டில் அப்படி என்ன புதையல்?

பயமாக இருந்தால் ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தின் திறந்த வன்பொருள் உரிமத்தைப் பாருங்கள். 2020இல் வந்த இரண்டாம் பதிப்பின் 'எஸ்' வகையில், உங்கள் வடிவமைப்பை மாற்றி விற்பவரும் தம் மாற்றங்களைத் திறந்து காட்டியே ஆக வேண்டும். ஆனால் ஒன்று, மங்கலான பிடிஎஃப் படம் ஒன்றைப் போட்டுக் கைகழுவ வேண்டாம். சுற்று வரையும் மென்பொருளான கிகேட்டில் திருத்தக்கூடிய கோப்பும் பாகப் பட்டியலும் வேண்டும்.

வேறொரு பெட்டியின் போர்டில் தடங்களைப் பிடித்து நானே பாதிச் சுற்றை வரைந்து வைத்திருக்கிறேன். சிப்பின் பத்தொன்பதாம் கால் எங்கே போகிறது என்பதுதான் பிடிபடவில்லை. அதையாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழுதுபார்ப்பவன்