ஏழாம் கிளாஸ் பிள்ளைங்க வாயில ஓடற 381654729

ஏழாம் கிளாஸ் அம்மா அப்பா எல்லாருக்கும் வணக்கங்க.

ஒரு வாரமா பிள்ளைங்க வீட்டுல 381654729னு ஒரே நம்பரையே சொல்லிட்டு இருக்காங்களாம், லாட்டரி நம்பரா சார்னு பிடிஏ மீட்டிங்ல கூட கேட்டீங்க, அது இல்லைங்க, கிளாஸ்ல அவங்களே தேடிப் பிடிச்ச நம்பர் அது.

1 முதல் 9 வரை ஒவ்வொரு இலக்கமும் ஒரே தடவ வருது. இடப்பக்கத்துல இருந்து பாருங்க, முதல் ரெண்டு இலக்கம் 38, 2ஆல வகுபடும். முதல் மூணு 381, 3ஆல வகுபடும். 3816ஐ 4ஆல வகுத்தா 954. இப்படியே போயி முழுசையும் 9ஆல வகுத்தா 42406081, மீதியே கிடையாது. ஒம்பது இலக்கத்தையும் 362880 விதமா மாத்தி அடுக்கலாம், அத்தனையிலயும் இப்படி அமையறது இது ஒண்ணே ஒண்ணுதான்.

அத எப்படிப் பிடிச்சாங்கங்கறதுதான் எனக்குப் பெருசா தெரியுது. 5ஆல வகுபடணும்னா கடைசில 5 இல்ல 0 வரணும், 0 கையில இல்ல, அதனால அஞ்சாவது இடம் 5. ரெண்டு, நாலு, ஆறு, எட்டாவது இடத்துல ரெட்டைப்படைதான் வர முடியும், அப்ப மிச்ச இடமெல்லாம் ஒத்தைப்படை. மூணாவது ஒத்தைப்படையா இருக்கறதால 4ஆல வகுபட நாலாவது இடம் 2 இல்ல 6 (12, 16, 32, 36னு எழுதிப் பாத்தா புரியும்), எட்டாவதும் அதே மாதிரிதான், அப்ப 4ம் 8ம் ரெண்டாவது, ஆறாவது இடத்துக்குப் போயிடும். முதல் மூணும் 3ஆல வகுபடுது, முதல் ஆறும் வகுபடுது, அதனால நடுவுல இருக்கற மூணு இலக்கத்தோட கூட்டுத்தொகையும் 3ஆல வகுபடணும். கணக்கு பீரியட்ல வாயே திறக்காத ஒரு பொண்ணு தானா எந்திரிச்சு போர்டுக்கு வந்து, 2ம் 5ம் 4ம் பதினொண்ணு, ஆகாது சார்னு அழிச்சுட்டு 258னு எழுதினா. இன்னொண்ணு 654, வேற வழியில்ல. அப்புறம் 8ஆல வகுபடறதயும் பாத்து வடிகட்டினதும் மிஞ்சினது பத்தே நம்பர். பத்துலயும் முதல் ஏழு இலக்கத்த 7ஆல வகுத்தாங்க, 3816547 மட்டும் 545221னு சுத்தமா வந்துச்சு, கிளாஸே கத்திடுச்சு.

தமிழ் மீடியம்னு சில பேருக்கு மனசுல ஒரு குறை இருக்கு. ப்ளஸ் ஒன்னுக்கு எந்த மீடியத்துக்குப் போனாலும் இப்படி யோசிக்கற பழக்கம் பிள்ளை கூடவே போகுமுங்க.

இந்த சனி ஞாயிறுக்கு 1 முதல் 6 வரை மட்டும் வெச்சு இதே மாதிரி ஆறு இலக்க நம்பர் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கேன். விடை ரெண்டு இருக்கு, ஒண்ணு கிடைச்சதும் நிறுத்திட வேணாம். 1 முதல் 4 வரை வெச்சா ஒண்ணுமே அமையாது, ஏன்னு சீக்கிரம் முடிச்சவங்க எழுதட்டும். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் போயி பொள்ளாச்சில வேலை பாத்துட்டு ராத்திரி வர்றவங்க நிறைய பேரு, நீங்க சொல்லிக் கொடுக்க வேண்டியதில்ல, காலண்டர் தாள ஆறு துண்டாக் கிழிச்சு நம்பர் எழுதிக் கொடுத்து பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காருங்க போதும். போன்ல தேடிக் கொடுத்துடாதீங்க. எனக்கும் கணக்கு வராது உனக்கும் வராதுன்னு பிள்ளை காதுல விழற மாதிரி தயவுசெஞ்சு சொல்லாதீங்க.

திங்கக்கிழமை நோட்ட கொண்டு வரட்டும். அடிச்சுத் திருத்தின பக்கத்த கிழிக்க விடாதீங்க, எங்க தடம் மாறினாங்கன்னு எனக்கு அதுலதான் தெரியும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்