தடுப்புச் சுவரும் தாங்கு சுவரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் மறுவிற்பனை வீடு வாங்குவது பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. கண்ணைத் திறந்து பார்த்து வாங்கினால் பின்னால் அழ வேண்டியதில்லை என்ற பொருளில் அதில் ஒரு வரி. எழுதிய தம்பியின் கண் நன்றாக இருக்கட்டும். என் கண்ணும் நன்றாகத்தான் இருந்தது. கப்பல் பட்டறையில் 31 ஆண்டு வெல்டிங் செய்தவன், மயிரிழை விரிசலையும் கண்டுபிடிப்பேன். இல்லாத சுவரை எப்படி ஐயா பார்ப்பது?

2016ல் சிங்கப்பூர் ஈசூனில் நான்கறை அடுக்குமாடி வீடு வாங்கினோம். சமையலறையும் அதை ஒட்டிய அறையும் சேர்ந்து விசாலமாக இருந்தன. “ஓப்பன் கிச்சன் அங்கிள், இதுக்கே ஆள் அடிச்சுக்கிறாங்க” என்றார் முகவர். என் மனைவிக்கும் பிடித்துவிட்டது. ஒவ்வொரு புளோக்கிலும் இன்ன இனத்தாருக்கு இவ்வளவு வீடு என்று கணக்கு உண்டே, அதில் இந்தியர் ஒதுக்கீடு நிரம்பாத புளோக்காகப் பார்த்து நான்கு மாதம் அலைந்திருந்தோம், கால் ஓய்ந்துவிட்டது. வீட்டை வேறு யாருக்கும் விற்காமல் நிறுத்திவைக்க ஆயிரம் வெள்ளி ஆப்ஷன் பணம் கொடுத்தோம். முடிவு செய்ய 21 நாள். அந்த 21 நாளில் கடனுக்கு ஓடுவதா, வேலைக்குப் போவதா, சுவர்களை எண்ணிக்கொண்டிருப்பதா?

இந்த ஏப்ரலில் தரை ஓடு மாற்றலாம் என்று ஒரு கான்ட்ராக்டரை அழைத்தேன். வீட்டின் அசல் வரைபடத்தோடு வந்தவர் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் மேசையை ஒரு சுற்று சுற்றி வந்தார். “அண்ணே, இந்த மேசை இருக்கிற இடத்துல ஒரு சுவர் இருக்கணுமே” என்றார். வரைபடத்தில் அங்கே கருப்பு நிரப்பிய தடித்த கோடு, அதாவது மேலே உள்ள எடையைத் தாங்கும் சுவர்.

ஏற்கெனவே பொங்கியிருந்த இரண்டு ஓடுகளைத் தூக்கிப் பார்த்தோம். ஓட்டுக்கடியில் ஓடு, அதற்கடியில் இன்னோர் ஓடு. சிமெண்டும் சேர்த்துத் தரைப்பூச்சு 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் விதி. நாங்கள் அளந்தபோது 80 இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், கையகல நீளப் பட்டையாக வேறு நிறச் சிமெண்ட். அதன் நடுவே வரிசையாகக் கம்பி முனைகள். டிஸ்க் போட்டு அறுத்த கம்பியின் முகத்தில் பிறை பிறையாகக் கீறல் விழும். அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விற்றவர் எங்கே போனார் என்று தெரியாது. முகவரின் கைப்பேசி எண் இப்போது புழக்கத்தில் இல்லை. யார் இடித்திருந்தாலும் இன்று வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்கிறார் கான்ட்ராக்டர். பொறியாளர் கேட்ட தொகையை எழுதினால் அச்சுப்பிழை என்று நீங்களே ஒரு சுழியை வெட்டிவிடுவீர்கள்.

உங்களுக்குத் தெரியாததா, 1986 மார்ச் 15 அன்று சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வோர்ல்டு இடிந்து 33 பேர் போனார்கள். யாரோ சுவரை உடைத்ததால் அல்ல, கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் விட்டதால் என்று விசாரணையில் வந்தது. அதுவும் வெளியிலிருந்து பார்த்தால் நல்ல கட்டடமாகத்தான் நின்றது. அன்று கூட்டத்தோடு கூட்டமாக அங்கே நின்றவன் நான். கண்ணைத் திறந்து பார் என்றால் எனக்குக் கோபம் வராதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன தீபாவளி மலரில், சுவரை இடித்து வீட்டைப் பெரிதாக்கிய ஒரு தம்பதியை வண்ணப் படத்தோடு போட்டிருந்தீர்கள். அனுமதி வாங்கினார்களா என்று ஒரு வரி கிடையாது. எந்தச் சுவரை இடிக்கவும் வீவக அனுமதி வேண்டும். தூண், உத்தரம், தாங்கு சுவர் பக்கம் சுத்தியலே போகக்கூடாது. அப்போதே எழுதினேன். மூன்று பக்கக் கடிதத்தில் ‘மலர் அருமை’ என்ற இரண்டு வார்த்தையை மட்டும் எடுத்துப் பிரசுரித்தீர்கள். மிக்க நன்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு கட்டுரையில், மேலே உள்ள எடையைத் தாங்கும் சுவரை இரண்டு இடத்தில் ‘தடுப்புச் சுவர்’ என்று எழுதியிருக்கிறார் தம்பி. தடுப்பு என்றால் நம் ஆள் பலகைத் தடுப்பு என்று நினைத்து மறுநாளே சுத்தியலை எடுப்பான். அது தாங்கு சுவர். ஒரு சிறு திருத்தம் போடுங்கள். முடிந்தால் ஒரு நான்கறை வீட்டின் வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு, எந்தக் கோடு எந்தச் சுவர் என்று தமிழில் குறித்துக் கொடுங்கள். ஆப்ஷனில் கையெழுத்துப் போடும் முன் விற்பவரிடம் வரைபடத்தைக் கேளுங்கள் என்று கீழே ஒரு வரி சேர்த்தால் போதும். ஞாயிறு இதழிலேயே வரட்டும், அன்றைக்குத்தான் வீடு பார்க்கக் கிளம்புகிறார்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகர், ஈசூன்